மூலையில் இருக்கும் வெற்றிடம்

“எனக்குக் கணக்கு வராது” என்று பேசாலையில் என் வயதுப் பிள்ளைகள் பலர் சொல்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் பல தொழில்களுக்கும் கற்கைநெறிகளுக்கும் வாசல் அடைபட்டுவிடும். அந்தப் பயத்தில் சூத்திரங்களைப் பாடமாக்குகிறோம். ஆசிரியை கரும்பலகையில் செய்யும்போது எல்லாம் விளங்கும். வினாத்தாளில் கை ஓடாது. கரைவலை இழுப்பதை நின்று பார்ப்பது வேறு, கயிற்றைப் பிடிப்பது வேறு.

வர்க்கபூர்த்தி தன் மண்டையில் ஏறவில்லை என்றாள் தங்கை. நான் அவளுக்குப் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் கணக்கொன்றைச் சொன்னேன். கி.பி. 820 அளவில் அவர் எழுதிய நூலின் பெயரிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே ‘அல்ஜிப்ரா’ ஆனது. வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளும் அந்நூலில் உண்டு. குறியீடுகள் இல்லாமல் எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதினார்.

கணக்கு இதுதான்: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது?

அந்த எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைந்தோம். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரு செவ்வகங்களாக அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டினோம். மூலையில் 5க்கு 5 வெற்றிடம். அதை 25 ஆல் நிரப்பினால் 39, 64 ஆகிறது. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் 3.

தங்கை தலையாட்டினாள். தாளை மடித்துவிட்டு, வெற்றுத் தாளில் செய்யச் சொன்னேன். மூலையில் நின்றுவிட்டாள். எங்கே விளங்கவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. மூன்றாம் முறை தானாகவே செய்தாள். பிறகு ஆறு மடங்கும் 40உம் கொடுத்தேன். நான்கு என்றாள், படமும் வரைந்து.

சகோதரிகளே, செய்துகாட்டிய கணக்கை மறைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். நின்ற இடத்தைக் குறித்து, அதை மட்டும் கேளுங்கள். மறுநாளும் செய்து பாருங்கள். படிமுறைகளை விடாமல் எழுதுங்கள். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “எத்தனை புள்ளி?” என்று கேட்குமுன் “எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லிக்காட்டும்போது பிள்ளை எங்கே தடுமாறுகிறாளோ, அங்கேதான் அவள் படிக்க வேண்டியது இருக்கிறது.