ஏற்றத்துக்கு எந்த எண்ணெய்?

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர். உயரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வெளியே வரும் பயணிகள் அடுத்துத் தேடுவது வேனைத்தான். ஹோட்டன் சமவெளி இன்னும் 200 மீற்றர் மேலே இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வேன்களும் அம்பேவெல, பட்டிப்பொல வழியாக இதே ஏற்றத்தில்தான் வந்து சேர்கின்றன. மூடுபனி ஏறுவதற்குள் சமவெளியின் ‘உலக முடிவு’ மலைவிளிம்பைக் காட்டிவிட வேண்டும் என்பது எல்லா ஓட்டுநர்களுக்கும் உள்ள அவசரம்.

இந்தத் தொழிலைச் சின்ன வேனில் தொடங்கியவர் சின்ன வேனிலேயே நின்றுவிட விரும்புவதில்லை. 660 சிசி பெற்றோல் இஞ்சின் கொண்ட சுசுகி எவ்ரி நான்கு பேரை ஏற்றிக்கொண்டு முனகியபடி மேலே போய்விடும். எட்டுப் பேர், கூடவே பெரிய பெரிய பெட்டிகள், கூரையில் கூடாரம் என்று வந்தால் முடியாது. இப்போது இன்னொரு ஆசையும் சேர்ந்திருக்கிறது: கட்டிலும் அடுப்பும் வைத்து, வேனையே வீடாக்கி வாடகைக்கு விடுவது. அடுத்த வண்டி ஹையேஸா, கரவனா, ரோசா பஸ்ஸா என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் டீசலா பெற்றோலா என்ற இடத்தில் வந்து நிற்கும்.

மலைநாட்டில் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: ‘மலைக்கு டீசல்தான்.’ மரக்கறி லொறியும் தனியார் பஸ்ஸும் கொழுந்து ஏற்றும் லொறியும் டீசலில் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? ரயிலும் அந்தப் பக்கம்தான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்-2 டீசல் இஞ்சின்கள் 1954இலிருந்து இலங்கைத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. 44 அடிக்கு ஒரு அடி உயரும் மலைப்பாதையில் நீராவிக்குப் பிறகு டீசல் வந்த கதை அது. பதில் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதிப் பதில். எந்த டீசல், எவ்வளவு ஓட்டம், எவ்வளவு பாரம் என்ற மூன்று கேள்விகளை அது விழுங்கிவிடுகிறது.

முதலில் காற்று. பட்டிப்பொல உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சின், டீசலோ பெற்றோலோ, அந்த அளவுக்குப் பலம் குறைந்துதான் இங்கே வேலை செய்கிறது. ஓட்டுநர்கள் ‘டொல்பின்’ என்று அழைக்கும் பழைய ஹையேஸ் எல்.எச். 113ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது டர்போ இல்லாத 2,800 சிசி டீசல். உழைப்பாளி வண்டி, கராஜில் எந்த பாஸும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். ஆனால் காற்றுக் குறைந்தாலும் பம்ப் அனுப்பும் டீசல் அதற்கேற்பக் குறைவதில்லை. எரியாத மிச்சம் கரும்புகையாகப் பின்னால் வருகிறது. சமவெளி ஏற்றத்தில் டொல்பினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரருக்கு இந்த விஞ்ஞானத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கே.டி.எச். என்ற எழுத்துகளாலேயே அறியப்படும் அடுத்த தலைமுறை ஹையேஸ் வேறு சாதி. அதன் 3,000 சிசி டீசலில் டர்போ இருக்கிறது. மெலிந்த காற்றை அது அழுத்திச் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. 300 நியூட்டன் மீற்றர் அளவிலான இழுவையை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே தந்துவிடும். அதே உடம்பில் 2,000 சிசி பெற்றோல் இஞ்சின் பூட்டிய டி.ஆர்.எச். வேனும் உண்டு. குதிரைவலுக் கணக்கில் அது சோடை போனதல்ல. ஆனால் அதன் உச்ச இழுவை ஏறத்தாழ 180 நியூட்டன் மீற்றர்தான், அதுவும் 4,000 சுற்றை எட்டினால்தான் கிடைக்கும். ஆள் நிறைந்த வேனை வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கி, இஞ்சினைக் கத்தவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏறாது என்றில்லை, ஏறும். பின்னால் இருப்பவர்களின் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்.

ஆகவே மலையில் முதலில் பார்க்க வேண்டியது டர்போ இருக்கிறதா என்பது. டர்போ இல்லாத பழைய டீசலையும், ஒழுங்காகப் பராமரித்த மின்னணுப் பெற்றோல் இஞ்சினையும் இந்த உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், டீசல் என்ற பெயருக்காகப் பழையதை எடுப்பதில் பெரிய நியாயம் இல்லை.

ஏறுவதைப் பற்றி நீட்டிப் பேசுகிறவர்கள் இறங்குவதைப் பற்றிப் பேசுவது குறைவு. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ராதெல்ல குறுக்குப் பாதையில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டு மிரண்டார்கள், வியக்கவில்லை. சின்ன வேனிலிருந்து பெரிய வேனுக்குப் போகிறவருக்கு மாறுவது பாரம். பாரம் மாறும்போது பிரேக் சூடாகும் கணக்கும் மாறுகிறது.

இங்கேயும் பரவலான ஒரு நம்பிக்கை இருக்கிறது: டீசல் இஞ்சின் இறக்கத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது. உண்மை கொஞ்சம் சிக்கலானது. பெற்றோல் இஞ்சினில் காலை எடுத்ததும் காற்று வழி அடைபடுகிறது. உள்ளே உண்டாகும் வெற்றிடம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. டீசலில் காற்று வழி அப்படி அடைபடுவதில்லை. அது காற்றை மிகுதியாக அழுத்துவது உண்மைதான். ஆனால் அழுத்திய காற்று திரும்ப விரிந்து, வாங்கிய பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ரோசா, கோஸ்டர் போன்ற பெரிய டீசல் வண்டிகளுக்குத் தனியாக எக்ஸோஸ்ட் பிரேக் பூட்டுகிறார்கள். அது இல்லாத டீசல் வேனை ஓட்டுகிறவர் ‘இஞ்சின் பிடித்துக்கொள்ளும்’ என்று நம்பி இறம்பொடை இறக்கத்தில் நான்காவது கியரில் வரக்கூடாது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இரண்டு எண்ணெய்க்கும் பொது.

இனிப் பணம்.

2021 டிசம்பர் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபாய், ஒட்டோ டீசல் 121 ரூபாய். இடைவெளி 56 ரூபாய். மலைப்பாதையில் டீசல் வேன் லீற்றருக்கு 9 கிலோமீற்றரும், அதே அளவு பெற்றோல் வேன் 7 கிலோமீற்றரும் ஓடும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கிலோமீற்றருக்கு டீசலில் ஏறத்தாழ 13 ரூபாய் 40 சதம், பெற்றோலில் 25 ரூபாய் 30 சதம். மிச்சம் கிட்டத்தட்ட 12 ரூபாய். பெற்றோல் செலவு டீசலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் டீசல் வேன் வாங்கியவரிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு 2022 வந்தது. ஜூன் 26ஆம் திகதி பெற்றோல் 470, டீசல் 460. இடைவெளி 10 ரூபாயாகச் சுருங்கியது. எண்ணெய் கிடைக்காமல் ஷெட் வாசலில் இரவு பகலாக வேன்கள் நின்றன. ஜூலையில் எண்ணெயைப் பங்கிட கியூ.ஆர். அட்டை வந்தபோது வேனுக்கு வாரம் 20 லீற்றர். எந்த எண்ணெயாக இருந்தாலும் அதே 20தான். மேலே சொன்ன கணக்கில் டீசல் வேனுக்கு 180 கிலோமீற்றர், பெற்றோல் வேனுக்கு 140. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒரு ஹயர் போய்த் திரும்ப இரண்டுமே போதாது. அந்த மாதங்களில் மண்ணெண்ணெய் மட்டும் லீற்றர் 87 ரூபாயில் இருந்தது. ஓகஸ்டில்தான் 340 ஆனது. 460 ரூபாய் டீசலுக்குப் பக்கத்தில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் இருந்தால் கலப்படம் என்ற யோசனை வராமல் இருக்குமா? பழைய டொல்பினின் பம்ப் அதைக் கொஞ்ச காலம் தாங்கும். கே.டி.எச். போன்ற கொமன் ரெயில் இஞ்சினின் இன்ஜெக்டருக்கு டீசலின் வழவழப்புத்தான் உயவு. மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும். அந்தக் காலத்தில் கைமாறிய வேனை இன்று வாங்குகிறவர் நான்கு இன்ஜெக்டரையும் சோதித்துப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது சூதாட்டம்.

2025 ஜூலையில் பெற்றோல் 305, டீசல் 289. அதே ஓட்டக் கணக்கைப் போட்டால் கிலோமீற்றருக்கு டீசலில் 32 ரூபாய், பெற்றோலில் 43 ரூபாய் 60 சதம். மிச்சம் மறுபடியும் 12 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2021இல் டீசல் மிச்சப்படுத்திய ஏறத்தாழ அதே 12 ரூபாயைத்தான் அப்போதும் மிச்சப்படுத்தியது. ஆனால் 2021இல் டொலர் 200 ரூபாய், 2025இல் 300. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வேனின் விலை எங்கேயோ போய்விட்டது. இன்ஜெக்டர், டர்போ, பம்ப் எல்லாம் டொலரில் வருகிற சாமான்கள். மிச்சம் அப்படியே நிற்க, அதற்காகக் கொடுக்கும் விலை மட்டும் ஏறியிருந்தது.

அதனால்தான் விவரமான கராஜ் பாஸ் எண்ணெயைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன், “வருசத்துக்கு எவ்வளவு ஓடுவீங்க தம்பி?” என்று கேட்பார். ஹோட்டன் சமவெளி, எல்ல, கண்டி, கட்டுநாயக்க என்று வருடம் 40,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அந்த 12 ரூபாய் நாலரை இலட்சத்துக்கு மேல். லீசிங் தவணையில் ஒரு பங்கை அதுவே கட்டிவிடும். காலையில் பிள்ளைகளை நுவரெலியாவில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிவந்து, வருடம் 8,000 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவருக்கு ஒரு இலட்சம்கூட இல்லை. இன்ஜெக்டர் வேலை ஒன்று வந்தால் அந்த வருட மிச்சம் கரைந்துவிடும்.

பள்ளிக்கூட ஓட்டத்துக்கு டீசல் பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும் காலையில் பழைய டீசல் உடனே பிடிக்காது. ஹீட்டர் பிளக் ஒன்று செத்திருந்தால் பற்றரி இறங்கும் மட்டும் சுற்ற வேண்டியதுதான். புதிய டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். குளிரில் கிளம்பிச் சூடாகுமுன் நிறுத்தும் சின்னச் சின்ன ஓட்டங்களில் அது அடைத்துப்போகும். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டு வேன் கட்ட நினைப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் திரும்புகிறது. பயணிகள் இறங்கினால் பாரம் இறங்கும், கட்டில் இறங்காது. நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் நூறு கிலோ. அடுப்புக்கு 12.5 கிலோ காஸ் சிலிண்டர், விளக்குக்கு இரண்டாவது பற்றரி, பலகை அடித்த சுவர். எந்நேரமும் ஆள் நிறைந்த வேனாகவே அது மலையேறும். அமெரிக்காவில் இதே வாதம் பெரிய அளவில் நடக்கிறது. ஃபோர்ட் எஃப்-53 அடிச்சட்டத்தின் மேல் கட்டிய வீட்டு வண்டிகளில் பெற்றோல் இஞ்சின் முன்னால் இருக்கும். விலை உயர்ந்தவற்றில் கமின்ஸ் டீசல் பின்னால் இருந்து தள்ளும், காற்றுப் பிரேக்கும் கூட வரும். வருடத்துக்குச் சில வாரம் சமதரையில் போகிறவர் பெற்றோலை எடுக்கிறார்; ரொக்கி மலையை அடிக்கடி தாண்டுகிறவர் டீசலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்.

பட்டிப்பொலவில் சமதரை கிடையாது. எனவே கட்டில் போட்ட ஹையேஸுக்கு டர்போ டீசல் என்பதே என் தீர்ப்பு, ஆள் வந்துகொண்டே இருக்கும் பட்சத்தில். ஏப்ரல் வசந்த காலத்துக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் மட்டும் வெளியே வந்து, மற்ற மாதங்களில் தகரக் கொட்டிலில் நிற்கப்போகும் வண்டி என்றால் பெற்றோலே போதும். நிற்கிற டீசல் வண்டிக்கு இந்த ஈரமும் குளிரும் எதிரி: பாதி காலியான தாங்கிக்குள் நீராவி படிந்து தண்ணீராகிறது, தண்ணீர் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. நிறுத்தி வைப்பதானால் தாங்கியை நிரப்பி வையுங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுங்கள். உள்ளமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கடைசியாக, கொழும்பில் வேன் வாங்கப் போகிறவர்களுக்கு. அங்கே காற்று நிறைய இருக்கிறது, பாதை மட்டமாக இருக்கிறது. எல்லா வேனும் நல்ல வேனாகத்தான் தெரியும். எண்ணெய்ச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு வண்டியை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். ஏழெட்டுப் பேரை ஏற்றி, பட்டிப்பொலவிலிருந்து சமவெளி வாசல் வரை ஓட்டுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி எடுங்கள். இந்த உயரத்தில் திறந்த தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் மீட்டர் முள் காட்டிக்கொடுக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரில் வந்து, கீழே நின்றதும் சக்கரத்தில் கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் டீசல் வேனும் வாங்க வேண்டாம், பெற்றோல் வேனும் வாங்க வேண்டாம்.