கைக்கேற்ற கம்பு

சிவகாசியிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போனால், பட்டாசு ஆலைகளின் பெயர்ப்பலகைகள் குறைந்து தென்னந்தோப்புகள் வரத் தொடங்கும். அப்படி ஒரு தோப்பின் ஓரத்தில்தான் ஒரு சிலம்ப ஆசான் கம்பு வாட்டுகிறார். வீடு ஊருக்குள் இருக்கிறது. ஆனால் பட்டாசுக் கிட்டங்கிகள் சூழ்ந்த ஊரில், வாசலில் தீ மூட்டி வேலை பார்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அனலில் காட்டி எண்ணெய் தடவி நிமிர்த்தும் வேலை முழுவதும் மலையடிவாரத்தில்தான்.

நான் போன மாலையில் ஓர் இளைஞன் கம்பு வாங்க வந்திருந்தான். பட்டாசு ஆபீஸில் மருந்து செலுத்துகிற வேலை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் கம்பு சுற்றப் போவதாகச் சொன்னான். ஆசான் அவனிடம் அளவு எதுவும் கேட்கவில்லை. ஒரு கம்பைத் தரையில் ஊன்றி, அது அவன் நெற்றியைத் தொடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "சுத்து" என்றார்.

நீளத்தை உடம்பு சொல்லிவிடும். நெற்றி உயரம் என்பது பழைய கணக்கு. பருமனையும் எடையையும் வளைவையும் வீச்சைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதில்தான் ஆசானின் தொழில் இருக்கிறது.

பையன் வெறியோடு வீசினான். காற்றைக் கிழிக்கும் ஓசை நன்றாகவே கேட்டது. என் கண்ணுக்கு அது அபாரமாகத் தெரிந்தது. ஆசானோ கம்பின் வேகத்தைப் பார்க்கவில்லை. வலப்பக்க வீச்சு இடப்பக்கத்துக்குத் திரும்புகிற அந்த ஒரு நொடியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"அவன் கை திரும்பிருச்சு தம்பி, நுனி இன்னும் திரும்பல, பாருங்க" என்றார் என்னிடம். "வெடுக்குனு இழுக்கிறான். கம்பு லேசு, வளையுது. பின்தங்குன நுனி அப்புறம் ஒரேயடியா முன்னால பாயுது. எதிராளி மேல படணும்னு நெனச்ச அடி, ஒரு சாண் தள்ளி விழும்."

"அப்ப வேகத்தக் குறைக்கச் சொல்லணுமா அண்ணாச்சி?"

"வேகம் அவன் சொத்து. அதை ஏன் குறைக்கணும்? கம்பைத்தான் மாத்தணும்."

வேகமாக வீசுகிறவர்கள் பெரும்பாலும் மெல்லிய பிரம்பைக் கேட்பார்களாம். கையில் எடுத்ததும் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தை நம்பி வாங்கிவிடுவார்கள். அவர் தேர்வு நேர்மாறானது. இழுத்து அடிக்கிற கைக்குக் கொஞ்சம் பருத்த, இறுகிய மூங்கிலைக் கொடுக்கிறார். இதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஒரே வகைக் கட்டிக் கழியில் விட்டம் 10 விழுக்காடு கூடினால் எடை 21 விழுக்காடு கூடும். வளையாமல் நிற்கும் விறைப்போ 46 விழுக்காடு கூடிவிடும். நீளம் வேறு மாதிரி. ஐந்தடிக் கம்பு ஐந்தரை அடியானால், அதைச் சுழற்றத் தொடங்கவும் நிறுத்தித் திருப்பவும் மூன்றில் ஒரு பங்கு அதிக பலம் வேண்டும். அதனால்தான் பையனின் புதுக் கம்பில் பருமனைக் கூட்டிய கையோடு, இரண்டு விரற்கடை நீளத்தை அறுத்தும் எடுத்தார். முனை பிளக்காமலிருக்கப் போடும் பூணையும் கனமில்லாததாகத் தேடிப் பூட்டினார். நடுவில் இருக்கும் எடையை மணிக்கட்டு பொறுத்துக்கொள்ளும். நுனியில் கூடும் சிறு எடையும் திருப்பத்தில் கையைப் பிடித்து இழுக்கும்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் தங்கள் நெடுந்தூர அடி மட்டைக்குத் தண்டு தேர்ந்தெடுக்கும்போதும் வீச்சு திரும்பும் இதே கணத்தைத்தான் பார்க்கிறார்கள். கொடைக்கானலில் 1895இலேயே கோல்ஃப் சங்கம் வந்துவிட்டது. அந்தக் காலத்து மட்டைகளுக்கு ஹிக்கரி மரத்தண்டுதான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் எஃகுத் தண்டை அனுமதித்தது 1929இல். இன்றைய கார்பன் இழைத் தண்டுகள் ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்று விறைப்பின்படி தரம் பிரிக்கப்படுகின்றன. உச்சிக்குப் போன மட்டையைக் கீழே திருப்பும் கணத்தில் வெடுக்கென்று இழுக்கிறவருக்கு விறைத்த, சற்றுக் கனத்த தண்டைத்தான் பெரும்பாலும் முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். அங்கே வேகத்தை அளக்க ரேடார் இருக்கிறது. இங்கே ஆசானின் கண்.

அந்தப் பையனின் பகல் பொழுதை நினைத்துப் பார்த்தேன். மருந்து செலுத்தும் அறையில் அவசரம் கூடாது, உராய்வு கூடாது, இரும்பு கூடாது. கை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தால் உயிர் போகலாம். நாள் முழுக்க அடக்கி வைத்த கை, மாலையில் கம்பைப் பிடித்ததும் அப்படிப் பாய்வதில் எனக்கு வியப்பில்லை. அவனை மெதுவாக வீசச் சொல்லாமல், அந்தப் பாய்ச்சலைத் தாங்கும் கம்பைக் கொடுத்த ஆசான் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டானது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. சிலம்பம் கற்கப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். வருகிற அத்தனை பேருக்கும் ஒரே கட்டிலிருந்து ஒரே பருமன் கம்பை உருவிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது வயது மணிக்கட்டும் பத்தொன்பது வயது மணிக்கட்டும் ஒன்றல்ல. பொருந்தாத கம்பால் வலியோடு பழகும் பிள்ளை ஆட்டத்தையே விட்டுவிடும்.

நல்ல கழி கிடைப்பதும் எளிதில்லை. உள்ளே துளை சிறுத்து, கணு நெருங்கி வளரும் கல்மூங்கில்தான் அடிதாங்கும். எதிரே தெரிகிற மலையில் கைவைக்க முடியாது; 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அந்தக் காவல் தேவை, அதில் ஆசானுக்கும் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை "மரம்" என்ற சட்டப் பட்டியலிலிருந்து 2017இல் நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு தன் தோப்பு வரப்பில் அவரே கல்மூங்கில் நட்டிருக்கிறார்.

வெட்டிய கழியைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் துளைவண்டுக்குத் தீனி. ஊறலில் அது கரைந்து போனால் கம்பு உளுக்காது. பிறகு நிழலில் உலர்த்தல், வாட்டல், நிமிர்த்தல். கடைசியாகக் கல்லில் முனையைத் தட்டிக் காது கொடுக்கிறார். 'கிண்' என்று தெளிவாகக் கேட்டால் வைத்துக்கொள்வார். ஓசை மொத்தையாக இருந்தால் உள்ளே எங்கோ கீறல் இருக்கிறது என்று பந்தலுக்கு ஒதுக்கிவிடுவார்.

பையன் புதுக் கம்பை வாங்கிச் சுற்றினான். ஓசை முன்னைவிடக் குறைவாகத்தான் இருந்தது, அவன் முகமும் சற்றுச் சுணங்கியது. ஆனால் திருப்பத்தில் நுனி கையோடு சேர்ந்தே திரும்பியது, அது எனக்கும் தெரிந்தது.

"பத்து நாள் பழகுப்பா. பிடிக்கலேன்னா கொண்டா, மாத்தித் தாரேன்" என்றார்.

புறப்படுமுன் வரப்பில் இருந்த மூங்கில் குத்துகளைக் காட்டினார். கழி முளைத்த ஆண்டைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பெயின்ட் பட்டை அடித்திருந்தார். மூன்று வருடம் முடியாததை வெட்டுவதில்லை. நீலப்பட்டைக் கழிகள் அடுத்த மழைக்குப் பிறகு கம்பாகும் என்றார். அவற்றில் மெல்லியவற்றை இந்த வருடம் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கென்று இப்போதே ஒதுக்கிவிட்டார்.