ஐந்து பேருக்கு ஒரு வாய்

சிகாமட் மாவட்டத்தின் தெற்கே சாஆ. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த சாலையைத் தாண்டினால் ஒரு தாமான். அதில் ஒரு வரிசை வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் மடக்கு மேசை விரிந்திருக்கிறது. மேசை மேல் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஊசி டப்பா, பஞ்சு, கையெழுத்து வாங்கிய சம்மதப் பாரம். கழுத்தில் பெயரட்டை தொங்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி தமிழ், ஒருத்தி மலாய். இருவரும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தாம். தமிழ்ப் பெண் மடியில் டேப்லட்.

வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிக் கேன்டீனில் சமையல். விடிவதற்கு முன் போய் மதியம் திரும்பி, துணி காயப்போட்டு, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் நாற்காலி நுனியில்.

"வீட்டுல எத்தனை பேர் ஆண்டி?"

"அஞ்சு."

"முதல்ல அங்கிள்."

"அம்பது வயசு. லாரி ஓட்டுறார். இனிப்பு நீர், ஆறு வருசம். மாத்திரை காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. லாங் டிரிப் போனா ராத்திரி மாத்திரையை விட்டுடுவார்."

"பாட்டி?"

மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சை எந்த மாதம், பிரஷர் மாத்திரை என்ன நிறம், எந்தக் காலில் வீக்கம், எல்லாம் வருகின்றன. மகனுக்கு இருபத்திரண்டு, சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில்தான் வருவான், சிகரெட் உண்டு, "அப்பாவுக்குத் தெரியாது." மகள் நான்காம் படிவம். முதலாம் படிவத்தில் பள்ளியிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது. மாத விலக்கு வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். கேட்டதற்கு மேலேயே பதில் வருகிறது. டேப்லட்டில் விரல் பின்னால் ஓடுகிறது.

"நீங்க ஆண்டி?"

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. மைலோ கலக்கட்டுமா?"

இப்படி வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை சிகாமட்டில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. மலேசிய மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய தென்கிழக்காசியச் சமூக ஆய்வகத்தை ஊர்க்காரர்கள் சியாக்கோ என்பார்கள். மாவட்டத்தின் பதினொரு முக்கிம்களில் பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்தில் ஏறக்குறைய 40,000 பேரை அது பின்தொடர்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் எல்லாரும் உண்டு. யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஊர் மாறினார் என்று மறுபடி மறுபடி வந்து கேட்பதுதான் இதன் முறை. வங்காளதேசத்தின் மத்லாப்பில் 1966 முதல் இப்படித்தான் கேட்டு வருகிறார்கள். தாய் சேய் நலம் பற்றி உலகம் கற்ற பாடங்கள் பல அங்கிருந்து வந்தவை. ஒரு நாள் வந்து ஊசி குத்திவிட்டுப் போகும் முகாமுக்கு இது பிடிபடாது. போன தடவை தொட்டிலில் கிடந்த பிள்ளை இந்தத் தடவை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்க்க, அதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும்.

கணக்கெடுப்பில் வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், அத்தனை பேருக்கும் சேரும். அந்த ஒருவர் பகலில் வீட்டில் இருக்கும் பெண்ணாகவே அமைந்துவிடுகிறார். சுகாதாரச் சுற்று அப்படி இல்லை. 2013இல் தொடங்கிய முதல் சுற்றில் சுமார் 25,000 பேரை நேரில் அளந்தார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மற்றவர் கையை நீட்டிக்கொண்டு யாரும் வர முடியாது.

மகள் முதலில் வருகிறாள். கைப்பேசியை மேசையில் வைக்கிறாள், யோசித்துக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கிறாள். எடைக் கருவியில் ஏறி மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள். எண்ணைப் படிக்கும் மலாய்ப் பெண் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். மகளின் உள்ளிமை வெளுத்திருக்கிறதோ என்று தாய் எட்டிப் பார்க்கிறாள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை. அந்த வயது வரம்புக்குள் தாயும்தான் இருக்கிறாள்.

"இப்ப நீங்க."

"அடுப்புல குழம்பு கிடக்கு."

"அணைச்சிட்டேன்மா," என்கிறாள் மகள்.

பட்டை கையைச் சுற்றி இறுகுகிறது. முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். கருவி முனகி ஓய்கிறது. 158, 96. ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. 156, 96. விரல் நுனியில் ஒரு குத்து; சர்க்கரை 11.4. அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "மைலோ குடிச்சேன், அதான்," என்கிறாள்.

அதே 2019 ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது, இந்தியர்களிடையே 31.4. நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, அன்று இரத்தம் எடுத்துப் பார்க்கும் வரை அது இருப்பதே தெரியாது. கேட்டிருந்தால் அவர்களும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தமிழ்ப் பெண் எண்களை எழுதிக் கடிதத்தை நீட்டுகிறாள். "இது இன்னும் முடிவு இல்ல ஆண்டி. அரசாங்கக் கிளினிக்குல வெறும் வயித்துல மறுபடி பார்ப்பாங்க. இந்த வாரமே போயிடுங்க."

"கேன்டீன் லீவு அன்னைக்கிப் போறேன்."

"அன்னைக்கிக் கிளினிக்கும் லீவு ஆண்டி."

அவள் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்கிறாள். பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஏழு வாரம். மகள் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் தாயின் கைப்பேசியை எடுத்து நீட்டுகிறாள். மேசையை மடக்கிக்கொண்டிருந்த பெண்கள் மடக்குவதை நிறுத்துகிறார்கள்.

கேன்டீன் முதலாளியம்மாவுக்கு அழைப்பு போகிறது.

"அக்கா, நாளைக்கி நான் வரல. ஒரு நாள்தான். இல்லக்கா, எனக்கு ஒன்னும் இல்ல. மாமியாரக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணும்."