புடைத்த நிழல்

தாலிச் சங்கிலி இருந்த கழுத்தில் இப்போது வெறும் மஞ்சள் கயிறு. சி.டி. மேசையில் அந்த அம்மா மல்லாந்து படுத்திருக்கிறார். கதவுக்கு வெளியே கணவர். சங்கிலியைச் சுருட்டிய கைக்குட்டை ஒரு கைக்குள், மறுகையில் மஞ்சப்பை. எக்ஸ்ரே கவர் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது.

பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே. இதயத்துக்கு மேலே, வலப்பக்கம், வழுவழுப்பாக ஒரு புடைப்பு. இருமல் இல்லை, வலி இல்லை. சீட்டில் ‘கட்டி? பயாப்சி’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஊசி குத்துமுன் ஒரு சி.டி. பார்த்துவிடலாம் என்றவர் இந்த ஸ்கேன் டாக்டரம்மாதான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மூலை ஸ்டூலில் நான்.

“உடம்பு கதகதன்னு இருக்கும்மா, பயப்படாதீங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க.” கையில் செருகிய வென்ஃப்ளான் வழியே மருந்து ஏறுகிறது. திரையில் மேற்பெருஞ்சிரை வெளேரென்று எழுகிறது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் திரும்பும் ரத்தம் இதயத்துக்குள் இறங்கும் வழி. சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்கும். இவருக்கு நடுவில் கதிர்போலப் பருத்து 4 செ.மீ.

அந்த வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு திட்டு. “கிளாட்டா மேடம்?” என்கிறார் பயிற்சி மருத்துவர். டாக்டரம்மா பதில் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு கையில் ஏற்றிய மருந்து, மறுகையிலிருந்து வரும் ரத்தத்தோடு கலக்குமுன் எடுத்த படம் இப்படி ஏமாற்றும். 70 விநாடி கழித்து இன்னொரு படம். திட்டைக் காணோம். குழாய் முழுக்க ஒரே வெளுப்பு.

“மூச்ச அடக்கி முக்கச் சொல்லுங்க.”

முக்குகிறார். திரையில் அந்த நிழல் இன்னும் புடைக்கிறது. கட்டி இப்படி மூச்சுக்கு மூச்சு அளவு மாறாது. ரத்தம் ஓடும் இந்த மெல்லிய சுவரில் ஊசி இறங்கியிருந்தால்? என் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

கணவரை அழைக்கிறார்கள்.

“கட்டி இல்லைங்க. நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு வீங்கியிருக்கு. பயாப்சி கூடவே கூடாது.”

“கால்ல நரம்பு புடைச்சுக்குமே, அந்த மாதிரிங்களா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் பையாட்டம் தொங்கினா, உள்ள ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போயிடலாம், வெடிக்கவும் செய்யலாம். அப்ப நெஞ்சத் திறக்கறதப் பத்திப் பேசணும். இது சுத்திலும் சீராப் பருத்தது. இதய சர்ஜன் கிட்டயும் காட்டுவோம். அப்பப்ப படம் எடுத்து அளவு பார்த்துட்டு வந்தாப் போதும்னுதான் எனக்குத் தோணுது.”

அவர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். எவ்வளவு விளங்கியதோ, ‘கட்டி இல்லை’ என்பது விளங்கியிருக்கிறது.

அந்த அம்மா வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், முதுகைத் திருப்பிக் கழுத்தைத் தாழ்த்திக் குனிகிறார். கைக்குட்டையைப் பிரிக்கிறார் கணவர். சங்கிலியின் கொக்கி விரலுக்கு அகப்படவில்லை. மறுபடி முயல்கிறார். அந்த அம்மா குனிந்தபடியே நிற்கிறார்.