அப்பா போட்ட கட்டங்கள்

என் அப்பா பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். வாரம் முழுக்க மோட்டாருக்குப் படம் போட்டது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் காம்பஸும் ஸ்கேலுமாக உட்கார்ந்துவிடுவார். அப்படி 1984-இல் ஹார்ட்போர்டில் போஸ்டர் கலரால் போட்ட ஒரு படம்தான் இன்று மிச்சம். சிவப்புச் சதுரங்கள், மஞ்சள் அரைவட்டங்கள், நடுவே கருநீல முக்கோணம். "இதென்னுங்க, கோலமா?" என்று அம்மா கேட்டால், "கால் படாத கோலமுன்னு வெச்சுக்க" என்பார்.

அப்பா காலமான பிறகு, மாடர்ன் ஆர்ட் லட்சக்கணக்கில் போகிறதென்று என் தம்பி எங்கோ கேட்டு வந்தான். "வெலை கேட்டுப் பாக்கலாங்க்கா. வந்தா ஆளுக்குப் பாதி." கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் நம் கோயமுத்தூரில் பிறந்தவர்தான். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய படங்களிலும் கட்டம், கணக்கு, ஜாதகம் மாதிரிதானே இருக்கிறது! எனக்கும் ஆசை தட்டியது, பொய் சொல்வானேன்.

படம் வாங்கி விற்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் பார்த்ததே பின்பக்கத்தைத்தான். போட்டவர் யார், எந்த வருஷம், எந்தக் கண்காட்சியில் வைத்தது, யார் யாரிடம் இருந்தது... விலை அதில்தான் இருக்கிறதாம். பெயர் தெரியாதவர் எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் வாங்க ஆள் இருக்காதாம். "பிரேமுக்கு வேணா ஏதாச்சும் வருமுங்கம்மா" என்றார். தம்பி படத்தை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது! போஸ்டர் கலர் எத்தனை வருஷம் காய்ந்திருந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும் என்று எனக்குத் தெரியாது. ஓர் அரைவட்டத்தின் ஓரம் கரைந்து சிவப்புக்குள் ஓடியிருந்தது. அப்பா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அந்த இடத்தில் கலர் தீட்டிவிடுகிறேன் என்று என் மகள் பிரஷ்ஷை எடுத்தாள். நல்லவேளை, அவளுடைய டிராயிங் டீச்சர் தடுத்தார். புதுக் கலர் பழசோடு சேராது, வார்னிஷும் அடிக்கக் கூடாது என்றார். கண்ணாடி போடலாம், ஆனால் அது படத்தில் ஒட்டவே கூடாது. ஒட்டினால் மழைக்கால ஈரத்தில் கலர் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். அதற்காகச் சுற்றிலும் அட்டை வைத்து இடைவெளி விடச் சொன்னார். அதுவும் அமிலம் கலக்காத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். சாதா அட்டை நாளாக நாளாகப் படத்தையும் பழுப்பாக்கிவிடும். வெயில், சமையல் புகை, பாத்ரூம் சுவரின் ஓதம் மூன்றும் எட்டாத உள்சுவரில் மாட்டினேன். பின்பக்கம் நாலு மூலையிலும் கார்க் துண்டு, காற்றுப் போக.

படத்தின் பின்னால் அப்பா பேர், வருஷம் எல்லாம் பென்சிலில் எழுதி வைத்தேன். கீழே, 'மஞ்சள் கறை மகளின் கைவேலை' என்றும் எழுதினேன்.

போன மாசம் தம்பி வந்தவன் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றான். "அக்கா, ஆளுக்குப் பாதின்னு பேசினோமே. ஆறு மாசம் எங்க வீட்ல இருக்கட்டுங்க்கா."

அவன் வீட்டு ஹாலில் மேற்கு வெயில் அடிக்கும். முதலில் திரை வாங்கி மாட்டுடா என்று சொல்லியிருக்கிறேன்.