சாரத்தில் நிற்பவனும் சட்டமும்

கட்டடத் தொழிலாளியின் பாதுகாப்பு எனின், தலைக்கவசமும் இடுப்புப் பட்டியுமே பலர் மனதில் தோன்றும். அவை எந்நாட்டிலும் விலைக்குக் கிடைப்பன. நாட்டுக்கு நாடு உண்மையில் வேறுபடுவது, சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாவுக்குச் சட்டம் கூறும் விடையேயாகும். இவ்வினாவின் முழுக் கனத்தையும் எமது ஊராகிய ஒட்டுசுட்டானிலேயே நான் உணர்ந்தேன்.

2009இல் போர் முடிந்தபின் வன்னியெங்கும் கல்வீடுகள் எழுந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை, பயனாளிகள் தாமே முன்னின்று கட்டியவை. வீடொன்றுக்கு 550,000 ரூபா. அதுவும் வேலையின் படிநிலைக்கேற்பத் தவணை முறையில் வழங்கப்பட்டது. தன் வீட்டைத் தானே கட்டுவித்தல் போற்றத்தக்கதே. ஆயினும், காட்டுத் தடிகளைக் கயிற்றால் பிணைத்த சாரத்தில் மேசனை ஏற்றிய அன்றே, வீட்டுக்காரர் தாமறியாமல் ஒரு தொழில்தருநராகிவிட்டார்.

எமது அயலில் அவ்வாறு வேலை செய்த மேசன் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாயினும், பல மாதக் கூலி போயிற்று. வீட்டுக்காரியோ கணவனை இழந்தவர். தம் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். "அந்த அக்காவிட்ட இதுக்கு மேல நான் என்னத்தைக் கேட்கிறது, தம்பி?" என்றார் மேசன். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால், இருவருக்கும் துணைநிற்பாரும் இல்லை.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உண்டு. பின்னையது, பெயருக்கேற்பத் தொழிற்சாலையையே மையமாகக் கொண்டது. அதற்கு முன்மாதிரி தந்த பிரித்தானியா, 1974இல் தொழிற்சாலை என்னும் எல்லையைக் கடந்து, வேலைத்தலங்கள் யாவற்றையும் தழுவும் சட்டத்தை இயற்றியது. 2015ஆம் ஆண்டு விதிகளோ தனியார் வீட்டு வேலைகளையும் உள்ளடக்கி, வீட்டுக்காரருக்குரிய கடமையைப் பொதுவாக ஒப்பந்தகாரரிடமே ஒப்படைத்தன. இதற்கு மாறாக, இந்தியாவின் 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 10 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத செலவில் சொந்த வீடு கட்டுவோரை விலக்கியே வைத்தது. ஏழை வீட்டுக்காரருக்கு அது சலுகை. ஏழை மேசனுக்கோ அது இழப்பு.

குணமடைந்த மேசன் பின்னர் கட்டாருக்குச் சென்றார். அங்கு 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 மணி வரை வெயிலில் வேலை செய்வித்தல் தடை. வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணிக்கும் அளவீடு 32.1 பாகையைத் தாண்டினால், எக்காலத்திலும் வேலையை நிறுத்தல் வேண்டும். அந்நாட்டில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் பற்றி உலகெங்கும் எழுந்த கண்டனங்களை நாம் மறப்பதற்கில்லை. அவற்றின் பின்னரே இவ்விதி இறுகியது. எனினும், அங்கே நண்பகலில் நிழலில் இருத்தப்பட்ட அதே மனிதர், விடுமுறையில் ஊர் வந்து சித்திரை வெயிலில் சுவர் பூசுகிறார். உடல் ஒன்றே, அதற்கு இடப்பட்ட மதிப்பே வேறு.

பிரித்தானிய விதியை அப்படியே இங்கு பெயர்த்து நடுதல் பயன் தராது. அக்கைம்பெண்ணை நீதிமன்றில் நிறுத்துவதே அதன் விளைவாகலாம். பணம் வழங்கும் திட்டமே பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். இனிவரும் வீட்டுத் திட்டங்களில் நல்ல சாரத்துக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் ஒரு சிறு தொகை சேர்க்கப்படலாம். அத்திவாரத்தையும் லிண்டலையும் பார்வையிட்டே உத்தியோகத்தர் தவணைப் பணத்தை விடுவிக்கிறார். அவ்வேளையில் சாரத்தையும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பது அவருக்குப் பெரிய சுமையாகாது.