திண்ணையில ஒரு குடித்தனம்

ஐப்பசி மழையில எங்க தெரு பெரியம்மா வீட்டு மண்சுவர் விழுந்துருச்சு. அன்னையிலேருந்து பஞ்சாயத்துக் கட்டடத் திண்ணைதான் வீடு, ரெண்டு ஆட்டோட.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல ரூ.3.5 லட்சம் தர்றாங்களேன்னு கேட்டா, மனை அவங்க பேர்ல இல்லையாம். பட்டா மாமனார் பேர்ல. அவர் இறந்து 40 வருசம். வாரிசு சான்றுக்கு இறப்புச் சான்று வேணும். அந்தக் காலத்துல யார் பதிஞ்சா?

முதியோர் பென்ஷன் 1,200 ரூபாயும் கிடைக்கல. மகன் இருக்கானாம்! திருப்பூர் போனவன் எட்டிப் பார்த்தே ஆறு வருசமாச்சு.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நானே கூட்டிட்டுப் போனேன். மனு குடுத்தா ஒப்புகைச் சீட்டை விடாதீங்க. அதைக் காட்டித்தான் மறுபடி கேட்க முடிஞ்சுது. தை மாசம் பென்ஷன் வந்துருச்சு.

இப்போதைக்கு எங்க களத்தோரம் கீத்துக் கொட்டகை போட்டுக் குடுத்திருக்கோம். பட்டாவுக்கு வைகாசி ஜமாபந்தியில மனு குடுக்கணும்.